கொழும்பில் ஒரே அறையில் கண்ணாடி நூதனசாலை: அமைப்பது முதல் உடைவது வரை

கண்ணாடிக்கு ஒரு நூதனசாலை என்றதும் பலருக்கு வெனிஸ் பூச்சாடியும் ஐரோப்பியச் சரவிளக்கும்தான் ஞாபகம் வரும். அவற்றை வாங்கிச் சேர்க்கப் போனால் வீடு வாசலை விற்க வேண்டியதுதான். அது தேவையே இல்லை. கண்ணாடியின் கதையைச் சொல்ல ஒரு நடுத்தர அறை, இரண்டு மூன்று அலுமாரி, நாற்பது பொருள் போதும். அந்த நாற்பதில் பெரும்பகுதி கொழும்பிலேயே, யாரோ எறிய நினைத்து எறியாமல் விட்ட நிலையில் கிடக்கிறது. வாசிகசாலையின் பின்னறை, பாடசாலை, கோயில் மண்டபத்தின் பக்க அறை, வீட்டு முன்னறை எதுவாக இருந்தாலும் கீழே சொல்லும் ஒழுங்கு பொருந்தும்.

படி 1: என்ன கதை என்று முதலில் முடிவெடுங்கள்

அழகான பொருட்களைச் சேர்ப்பதா, பழைய பொருட்களைச் சேர்ப்பதா என்று குழம்ப வேண்டாம். என் கட்சி வேறு: எந்தப் பொருளைப் பார்த்தால் அது செய்யப்பட்ட விதம் தெரிகிறதோ, அதை எடுங்கள். விலை உயர்ந்த, குறையே இல்லாத பூச்சாடி அழகாகத்தான் இருக்கும்; ஆனால் செய்த கையின் தடயம் அதில் மினுக்கி அழிக்கப்பட்டிருக்கும். வளைந்த கழுத்தும் குமிழியும் உள்ள பழைய மருந்துப் போத்தல் அதைவிட நிறையப் பேசும்.

வாசலில் முதலில் வைக்க வேண்டியது மூன்று சிறு கிண்ணங்கள்: மணல், சோடா (குடிக்கும் சோடா அல்ல, சலவைச் சோடா), சுண்ணாம்பு. சிலிக்கா மணல் தனியே உருக 1700 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும். பழைய காலத்து உலை எதுவும் அதை எட்டாது. சோடா சேர்த்தால் அந்த வெப்பம் பல நூறு பாகை இறங்கும். ஆனால் சோடாவும் மணலும் மட்டும் சேர்ந்த கண்ணாடி தண்ணீரில் கரைந்துவிடும். அதைக் கரையாமல் பிடித்து வைப்பது சுண்ணாம்பு. இன்றைய சாதாரணப் போத்தலில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. மீதியில் பெரும்பங்கு இந்த இரண்டும்தான். மணல் கிண்ணத்துக்கு நாத்தாண்டிய மணலைத் தேடிப் பிடியுங்கள். சிலாபம் பக்கத்து நாத்தாண்டிய, மாரவில வெள்ளை மணல்தான் இலங்கையில் கண்ணாடிக்குப் பேர்போனது. இரும்பு குறைந்த மணல் என்பதால் அந்த வெள்ளை.

அதற்கு அப்புறம் கதையை மூன்றாகப் பிரிக்கலாம்: மாலையில் கோர்க்கும் மணி, போத்தல், தட்டைக் கண்ணாடி. கடைசியில் ஒரு சிறு மூலை நார்க் கண்ணாடிக்கு. இணைய இணைப்புக் கொடுக்க வருபவர்கள் வெட்டி விடும் கேபிள் துண்டு அதற்குப் போதும். தலைமயிர் அளவுக் கண்ணாடி இழையில்தான் வட்ஸ்அப் செய்தி கடல் தாண்டுகிறது. ஐரோப்பாவரை நீண்ட சீ-மீ-வீ 3 என்ற கடலடிக் கேபிள் கல்கிசையில்தான் கரையேறியது என்று எழுதி வைத்தால், கல்கிசைப் பிள்ளைகள் இரண்டு தடவை பார்ப்பார்கள். துண்டைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் அடைத்து வையுங்கள். உடைந்த இழை தோலுக்குள் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, எடுப்பதும் பாடு.

படி 2: சட்டமும் கொப்பியும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தவிர்க்காதீர்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருளைத் தொல்பொருளாகக் கொள்கிறது. நிலத்துக்குள் இருந்து கண்டெடுக்கப்படும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். ஆகவே "மன்னார் மாந்தையில் தோண்டி எடுத்த மணி, நல்ல விலைக்குத் தாறன்" என்று யாராவது வந்தால் வாங்க வேண்டாம். வாங்கினால் சட்டச் சிக்கல் ஒரு பக்கம். தோண்டுகிறவருக்கு நீங்களே கூலி கொடுத்ததாகவும் ஆகும். வீட்டில் தலைமுறையாக இருக்கும் மிகப் பழைய பொருள் ஏதும் வந்தால் தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டுவிட்டு எடுங்கள்.

ஒரு தடித்த கொப்பியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இலக்கம், யார் தந்தது, எந்த ஊர் வீட்டில் இருந்தது, அளவு, வந்தபோது இருந்த வெடிப்பு, படம். தந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள்: நன்கொடையா, இரவலா? இரவல் என்றால் எத்தனை மாதம்? இதை வாய்ப்பேச்சில் விட்டால், தந்தவரின் மகன் ஐந்து வருடத்துக்குப் பிறகு வந்து கேட்கும்போது முகம் முறிய நேரும்.

படி 3: பொருள் சேர்த்தல்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் பழைய வீடுகள் உடைத்து மாடிக் கட்டடம் எழும்பும் இடங்களில் ஒப்பந்தக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கதவுக்கு மேலிருந்த கலர்க் கண்ணாடி, அலையலையான ஜன்னல் கண்ணாடி, லூவர்ஸ் தட்டு, கண்ணாடிக் கதவுக்குமிழ் எல்லாம் அங்கே இடிபாட்டோடு லொறியில் ஏறிவிடும். பழைய போத்தல், பேப்பர் வாங்கித் திரியும் அண்ணையிடம், வழமைக்கு மாறான போத்தல் வந்தால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் கண் மிகக் கூர்மையானது. எது எங்கும் இல்லாத வடிவம் என்று உங்களைவிட முதலில் கண்டுபிடிப்பார்கள். ஆயுர்வேதக் கடையில் பழுப்பு அரிஷ்டப் போத்தல். அம்மம்மா வீட்டில் அரிக்கன் லாம்பின் சிமினி, ஊறுகாய்ச் சாடி, கண்ணாடிக் காப்பு. பாடசாலை ஆய்கூடத்தில் உடைந்த பரிசோதனைக் குழாய்.

எங்கு கிடைத்தாலும் எடுக்க வேண்டிய ஒன்று, போளை போட்ட சோடாப் போத்தல். ஹிராம் கொட் என்ற ஆங்கிலேயர் 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற வடிவம் இது. போத்தலைத் தலைகீழாக வைத்துச் சோடாவை நிரப்பினால், உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் போளையைக் கழுத்து றப்பர் வளையத்தோடு சேர்த்து அழுத்தும், மூடியே வேண்டாம். விரலால் அழுத்தித் திறந்தால் போளை கீழே விழும். ஊற்றும்போது திரும்ப வந்து வாயை அடைக்காதபடி கழுத்தில் இரண்டு பள்ளம். போளைக்காகவே பிள்ளைகள் போத்தலை உடைத்ததால்தான் பழையவை முழுசாகக் கிடைப்பது அரிது. தமிழ்நாட்டில் இன்னும் இந்தப் போத்தலில் சோடா விற்கிறார்கள். ஜப்பானில் ரமுனே என்ற பானமும் இதில்தான் வருகிறது. பழையது அகப்படாவிட்டால் புதியது ஒன்றை வரவழைத்து வையுங்கள், அது புதியது என்று அட்டையில் எழுதிவிட்டு.

மணிகளுக்கும் அதே வழி. மன்னாரில் திருக்கேதீச்சரத்தை ஒட்டிய மாந்தை மேட்டில் 1980களின் தொடக்கத்தில் நடந்த அகழ்வில் கண்ணாடி மணிகள் கிடைத்தன. குருநாகல் மாவட்டத்துக் கிரிபாவையில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கண்ணாடி உருக்கிய தடயம் வெளிப்பட்டது. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டிலும் இதே வகை மணிகள். இந்து-பசிபிக் மணி என்று ஆய்வாளர் பெயர் வைத்த இந்தச் சின்னஞ்சிறு மணிகள் ஆபிரிக்கக் கரையிலிருந்து தென்கிழக்கு ஆசியாவரை பரவிக் கிடந்தன. அசல் உங்களுக்கு வேண்டாம். ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் அதே பழைய முறையில் மணி செய்து வந்திருக்கிறார்கள். அங்கத்தைய மணிச் சரம் ஒன்றும், ஒரு தெளிவான வரைபடமும் இருந்தால் மன்னாரின் கதையை நேர்மையாகச் சொல்லலாம்.

படி 4: கண்ணாடியை வாசிக்கப் பழகுங்கள்

இதுதான் முழு வேலையின் உயிர். இதற்குச் செட்டியார் தெரு நகைக்காரர் பாவிக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்றும், ஒரு யூவி (புற ஊதா) டோர்ச்சும் வாங்குங்கள். பகலில் ஜன்னலோரம் நின்று, வெளிச்சம் பொருளுக்குப் பின்னால் இருக்கும்படி பிடியுங்கள்.

போத்தலில் முதலில் பக்கவாட்டுப் பொருத்துக் கோட்டைப் பாருங்கள். அச்சின் இரண்டு பாதி சேர்ந்த இடம் அது. கோடு கழுத்தில் ஏறி, வாய்க்குக் கீழே மறைந்துவிட்டால் பெரும்பாலும் வாயால் ஊதிய போத்தல்; வாய் விளிம்பைப் பிறகு தனியே கருவியால் திருத்தியிருப்பார்கள். கோடு விளிம்பின் மேலேயும் ஏறிப் போனால் இயந்திரம் செய்தது. மைக்கல் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வந்த பிறகுதான் அந்தக் கோடு வாய்வரை போகத் தொடங்கியது. இப்போது போத்தலைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். நடுவில் கரடுமுரடான தழும்பு இருந்தால், செய்தவர் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடித்து வாயைத் திருத்திவிட்டு உடைத்தெடுத்த இடம். விரலை வைத்துப் பார்க்க ஆசை வரும். கவனம், சில தழும்பு இன்னும் வெட்டும்.

நிறமும் பேசும். இளம் பச்சை மணலில் இருந்த இரும்பால் வருவது. அதை மறைக்க மங்கனீசு சேர்ப்பார்கள். அப்படிச் சேர்த்த கண்ணாடி பல வருடம் வெயிலில் கிடந்தால் ஊதா ஏறும். கடும் நீலம் என்றால் கோபோல்ட். பழுப்பு நிறம் இரும்பும் கந்தகமும் சேர்ந்து வருவது. உள்ளே இருப்பதை வெளிச்சம் கெடுக்காமல் காக்கும், அதனால்தான் பியரும் மருந்தும் அதற்குள். யூவி டோர்ச் பட்டதும் கடும் பச்சையாக ஒளிர்ந்தால் அது யுரேனியம் சேர்த்த கண்ணாடி. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அலுமாரியில் வைப்பதால் ஆபத்தில்லை. அதில் தேத்தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சரி.

மணியை லென்ஸுக்குக் கீழே கொண்டு வாருங்கள். உள்ளே இருக்கும் நுண்குமிழிகளும் நிறக் கோடுகளும் துளைக்குச் சமாந்தரமாக நீண்டு கிடந்தால், அது இழுத்துச் செய்த மணி: உருகிய கண்ணாடியைக் குழாயாக நீள இழுத்து, ஆறியதும் பொடிப்பொடியாக வெட்டி, சாம்பலோடு திரும்பச் சூடாக்கி விளிம்பை மழுக்கியது. கோடுகள் துளையைச் சுற்றி வளைந்து போனால், கம்பியில் சுற்றிச் செய்தது. மணி கடுகளவுதான் இருக்கும், ஆனால் ஒருமுறை இந்த வித்தியாசத்தைக் கண்ணால் கண்டவர் பிறகு எந்த மாலையையும் சும்மா விடமாட்டார். மணிப் பெட்டிக்கு மேலே நிரந்தரமாக ஒரு லென்ஸ் பொருத்தி வையுங்கள். அந்த ஒரு செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஜன்னல் கண்ணாடியைச் சாய்த்து, அதில் தெரியும் மின்கம்பத்தைப் பாருங்கள். கம்பம் நெளிந்தால் பழைய முறை. நேராக நின்றால், உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்த கண்ணாடியாக இருக்கும். இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்த முறை. இங்கே ஒரு கட்டுக்கதையை அட்டையிலேயே உடைத்துவிடுங்கள். பழைய ஜன்னல் கண்ணாடி அடியில் தடித்திருப்பது கண்ணாடி மெல்ல வழிந்து இறங்குவதால் என்று விஞ்ஞான ஆசிரியர்கள்கூடச் சொல்வார்கள். அப்படியில்லை. அந்தக் காலத்துத் தகடு செய்யும்போதே சமமில்லாமல் வந்தது, அவ்வளவுதான்.

முகம் பார்க்கும் பழைய கண்ணாடிகளில் மட்டும் ஒரு எச்சரிக்கை. கண்ணாடியில் வெள்ளி படிய வைக்கும் முறையை யஸ்டஸ் வொன் லீபிக் 1835இல் கண்டுபிடிக்க முன்பு தகரமும் பாதரசமும்தான் பூசினார்கள். மிகப் பழையது என்று சந்தேகம் இருந்தால் பின்பக்கத்தைச் சுரண்டவோ சட்டத்தைக் கழற்றவோ வேண்டாம்.

படி 5: அறை

கடற்கரைப் பக்கம் அறை கிடைத்தால் காற்று நல்லதுதான், ஆனால் உப்பும் ரயிலும் கூடவே வரும். வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கு அருகில் உள்ள அறை என்றால், ஒவ்வொரு ரயிலுக்கும் தட்டு மெல்ல அதிரும். அடி வழுவழுப்பான கிளாஸ் ஒன்று யாரும் தொடாமலே நாளாக நாளாக விளிம்பை நோக்கி நகரும். ஒவ்வொரு பொருளின் அடியிலும் நூதனசாலைக்காரர் பாவிக்கும் மெழுகு ஒரு பட்டாணி அளவு மூன்று இடத்தில் வையுங்கள், அல்லது தட்டில் மெல்லிய நுரை விரியுங்கள். பொருள் நின்ற இடத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால் நகர்ந்ததா என்று மாதம் ஒருமுறை பார்க்கலாம்.

ஈரப்பதம் அடுத்த தலையிடி. சாதாரணப் போத்தலுக்குக் கொழும்பு ஈரம் ஒன்றும் செய்யாது. சுண்ணாம்பு குறைந்து சோடா கூடிய பழைய கண்ணாடிதான் நோயாளி: ஈரத்தை உறிஞ்சி, மேலே சவர்க்காரம் பூசியதுபோல் வழுக்கும், நுண்துளியாக வியர்க்கும், பிறகு வலைவலையாக வெடிக்கும். அப்படி ஒன்று இருந்தால் அதைத் தனிப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஈரமானி 40 சதவீதத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி பாருங்கள். முழு அறைக்கும் ஏசி போட்டு, மாலையில் நிறுத்திவிட்டுப் போவது மோசமான யோசனை. குளிர்ந்த கண்ணாடியில் இரவு ஈரக்காற்று பட்டு நீர் கோத்துக்கொள்ளும். நாள் முழுக்க ஓட்டப் பணம் இல்லையென்றால் ஏசி வேண்டாம். மின்விசிறியும் நிழலும் போதும்.

படி 6: அலுமாரியும் வெளிச்சமும்

புதுப் பலகை, ஒட்டுப்பலகை, எம்டிஎஃப் ஆகியவை அமில ஆவி விடும். மூடிய அலுமாரிக்குள் அது கண்ணாடியின் மேல் படியும். பெயின்ட் நன்றாகக் காய்ந்த இரும்பு அலுமாரி நல்லது. புறக்கோட்டையில் கடை மூடுகிறவர்கள் விற்கும் பழைய காட்சி அலுமாரி மலிவாகவும் கிடைக்கும். உள்தட்டுக்குக் கண்ணாடி போடுவதென்றால் பதப்படுத்திய கண்ணாடியாகக் கேளுங்கள். அளவும் துளையும் முதலிலேயே சரியாகச் சொல்ல வேண்டும், பதப்படுத்திய பிறகு வெட்டப் போனால் முழுத்தட்டும் பொடியாகிவிடும்.

வெளிச்சம் முன்னால் இருந்து அடித்தால் பார்ப்பவர் தன் முகத்தைத்தான் பார்ப்பார். கலர்க் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைத் தாள் ஒட்டிய அக்ரிலிக், அதற்குப் பின்னால் எல்ஈடி. நிறமற்ற வெட்டுக் கண்ணாடிக்குக் கறுப்புப் பின்னணியும் பக்கவாட்டு வெளிச்சமும். எல்ஈடியின் மின்மாற்றியை அலுமாரிக்கு வெளியே வையுங்கள், உள்ளே சூடு ஏறக் கூடாது.

படி 7: கழுவுதல், தூக்குதல்

பிளாஸ்டிக் தொட்டி, அடியில் துவாய், வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டுச் சவர்க்காரத் திரவம். கடைசி அலசலுக்குப் பெற்றோல் ஷெட்டில் விற்கும் பற்றரித் தண்ணீர்; உப்புக்கறை விழாது. தங்கப்பூச்சு, கையால் தீட்டிய படம், கடதாசி லேபல், வானவில் மினுக்கம் ஏறிய பழங்கண்ணாடி, வியர்க்கும் கண்ணாடி எதையும் தண்ணீரில் போட வேண்டாம். உள்ளே கறை போகவில்லை என்று மணலும் கல்லும் போட்டுக் குலுக்குவார்கள், கீறிவிடும். கறையோடே இருக்கட்டும். பழைய மருந்துப் போத்தலில் மிச்சம் ஏதும் இருந்தால் திறந்து மணக்காதீர்கள்.

மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிட்டு, ஒரு கை அடியில், ஒரு கை உடலில். விளிம்பையும் கைபிடியையும் பிடித்துத் தூக்கக் கூடாது. படங்களில் வரும் வெள்ளைப் பருத்திக் கையுறை கண்ணாடிக்கு எதிரி, வழுக்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள்.

படி 8: அட்டை எழுதுதல்

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வேண்டும். ஒரு மொழிக்கு நாற்பது ஐம்பது சொல்லுக்கு மேல் போனால் யாரும் வாசிக்க மாட்டார்கள். முதல் வரி கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும். "19ஆம் நூற்றாண்டுப் போத்தல், உயரம் 22 செ.மீ." என்று தொடங்காமல், "கழுத்தில் உள்ள கோடு எங்கே நிற்கிறது பாருங்கள்" என்று தொடங்குங்கள். காலமும் அளவும் கடைசியில். பத்து வயதுப் பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள், பெரியவர்கள் குனியலாம்.

எழுத முன்பு கறுவாத்தோட்டத்திலுள்ள தேசிய நூதனசாலைக்கு ஒரு நடை போங்கள். 1877இல் திறந்த இடம். பொருளைப் பார்க்காமல், மக்கள் எந்த அட்டைக்கு முன்னால் நிற்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

படி 9: ஆட்கள் வரும்போது

பிள்ளைகளைக் "தொடாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அறை வெறுத்துவிடும். தொடுவதற்கென்று ஒரு மேசை வையுங்கள்: போளைகள், கடல் மழுக்கிய கண்ணாடித் துண்டு, தடித்த சாடி மூடி, சாதாரண ஜன்னல் கண்ணாடியும் லூவர்ஸ் தட்டும் விளிம்பு தேய்த்தபடி. லாம்புச் சிமினிக்கு அருகே ஆய்கூடக் குழாயை வைத்து, இரண்டில் எது சூட்டில் வெடிக்கும் என்று கேளுங்கள். ஜெர்மனியின் ஒட்டோ ஷொட் உருவாக்கிய போரோசிலிக்கேட் கண்ணாடி, சாதாரணக் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்கு அளவே சூட்டில் விரியும். மழைத்துளி பட்டதும் சிமினி வெடித்த அனுபவம் கூட்டத்தில் ஒரு பெரியவருக்காவது இருக்கும். அவர் கதை சொல்லத் தொடங்கினால் நீங்கள் ஒதுங்கி நிற்கலாம். புத்தகப் பைகள் வாசலில். ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் உள்ளே விடாதீர்கள்.

படி 10: உடைந்தால்

உடையும். முதலில் ஆட்களை வெளியே எடுங்கள், தடித்த தோல் கையுறை போடுங்கள், பெரிய துண்டுகளைத் தட்டையான பெட்டியில் ஒன்றோடொன்று உரசாமல் அடுக்குங்கள். பொடித்துண்டையும் ஒரு உறையில் இட்டு இலக்கம் எழுதுங்கள். அதே இடத்தில் துண்டு துண்டாகப் பொருத்திப் பார்க்காதீர்கள். விளிம்பு சிதறினால் பிறகு பொருந்தாது. சூப்பர் குளூ கிட்டவும் வரக் கூடாது. பராலொயிட் பி-72 என்ற பிசின் அசற்றோனில் கரையும் என்பதால் பிழைத்தால் கழற்றி மீண்டும் ஒட்டலாம், ஆனால் பெறுமதியான பொருள் என்றால் அதைப் பழகியவரிடம் கொடுங்கள். சாதாரணப் போத்தல் உடைந்தால் ஒட்டவே வேண்டாம்: அடிப்பகுதி எவ்வளவு தடிப்பு, தோள் எவ்வளவு மெல்லிசு என்பது உடைந்த விளிம்பில்தான் தெரியும். கொப்பியில் திகதியைக் குறித்து, புது அட்டை எழுதி, மூடிய பெட்டிக்குள் அதே தட்டில் திருப்பி வையுங்கள்.